சீகேமில் மூன்று நாள்

சாலொமோன் ராஜா இறந்த பிறகு, பட்டத்துக்கு வரவேண்டிய மகன் ரெகொபெயாமுக்கு முடிசூட்ட இஸ்ரவேல் கோத்திரங்கள் சீகேமில் கூடின. காலம் கி.மு. 930-ஐ ஒட்டியது. கூடிய ஜனங்கள் ஒரே ஒரு விண்ணப்பத்தை முன்வைத்தார்கள். தகப்பன் காலத்துச் சுமையைச் சற்றுக் குறைத்தால் போதும், காலமெல்லாம் கட்டுப்பட்டு நடப்போம் என்றார்கள்.

அந்தச் சுமை சாதாரணமானதல்ல. எருசலேமில் தேவாலயம் கட்ட 7 ஆண்டு, ராஜாவின் அரண்மனை கட்ட 13 ஆண்டு ஆயிற்று. மரம் வெட்ட 30,000 பேர் அமஞ்சி ஆட்களாகப் பிடிக்கப்பட்டு, மாதம் 10,000 பேராக முறைவைத்து லீபனோனுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு மாதம் மலையில், இரண்டு மாதம் வீட்டில். ஆண்டுக்கு நான்கு மாதம் ஆண்பிள்ளை இல்லாத வயல்களை வீட்டுப் பெண்களும் சிறுவர்களும் எப்படிச் சமாளித்திருப்பார்கள் என்பது அந்த விண்ணப்பத்தின் பின்னால் இருக்கிறது.

ரெகொபெயாம் மூன்று நாள் அவகாசம் கேட்டான். முதலில் தகப்பனிடம் பணியாற்றிய முதியோரைக் கலந்தான். இன்று இந்த ஜனங்களுக்கு இறங்கிப் போனால் என்றைக்கும் அவர்கள் உமக்குச் சொந்தம் என்றார்கள் அவர்கள். அடுத்துத் தன்னோடு வளர்ந்த தோழர்களைக் கேட்டான். இன்னும் இறுக்கிப் பிடியும் என்றார்கள். மூன்றாம் நாள் ராஜா தோழர்களின் வாயாகவே பேசினான். பத்துக் கோத்திரங்கள் எழுந்து போயின. சமாதானப்படுத்த அவன் அனுப்பிய ஆள் யார் தெரியுமா? அமஞ்சி வேலைக்கு மேற்பார்வையாளனாக இருந்த அதோராம். ஜனங்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா அவசரமாக ரதத்தில் ஏறி எருசலேமுக்கு ஓடினான். இரண்டாகப் பிளந்த அந்த ராஜ்யம் மறுபடி சேரவே இல்லை.

அமெரிக்க வரலாற்றாசிரியர் பார்பரா டக்மன் 1984-ல் வெளியிட்ட ‘தி மார்ச் ஆஃப் ஃபாலி’ என்ற நூலில், ஆட்சியாளர்கள் தங்கள் நலனுக்கே எதிராக எடுத்த முடிவுகளை ஆராய்கிறார். ட்ராயில் தொடங்கி வியட்நாமில் முடியும் அந்த நூலின் முதல் இயலிலேயே ரெகொபெயாம் வந்துவிடுகிறான். ஆனால் அவனுடைய கதையில் இன்னும் உற்றுநோக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அவன் அவசரப்படவில்லை, அவகாசம் எடுத்துக்கொண்டான், ஒருவரை மட்டும் கேட்காமல் இரு தரப்பையும் கேட்டான். நல்ல முடிவு எடுக்க இன்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரும் மூன்றையும் செய்துவிட்டுத்தான் தவறினான். அப்படியானால் தவறு எங்கே நடந்தது? வேதாகமம் முழுவதும் பல கதைகளில் திரும்பத் திரும்ப எழும் கேள்வி இது. அந்தக் கதைகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் ஒரு விடை தெளிகிறது. விலை கொடுக்கப்போகிறவரின் குரல் காதில் விழாமல் எடுக்கப்படும் முடிவைத்தான் வேதாகமம் மதிகேடு என்று காட்டுகிறது.

பேதை, மூடன், பரியாசக்காரன்

மதிகெட்டவனைக் குறிக்க எபிரேய வேதத்தில் ஒரு சொல் இல்லை, பல சொற்கள் இருக்கின்றன. ‘பெத்தி’ என்பவன் அனுபவமில்லாதவன். திறந்திருத்தல் என்ற பொருள் தரும் வேரோடு இந்தச் சொல்லை இணைப்பார்கள்: யார் என்ன சொன்னாலும் உள்ளே விட்டுவிடும் திறந்த கதவு. ‘கெசீல்’ மந்தமும் வீண் தன்னம்பிக்கையும் சேர்ந்தவன். ‘எவீல்’ கண்டிப்பை வெறுப்பவன். ‘நாபால்’ மனிதத் தன்மையே வறண்டுபோனவன். ‘லேட்ஸ்’ எதையும் ஏளனம் செய்பவன். இவனுக்குப் புத்தி சொல்பவருக்கு அவமானம்தான் மிஞ்சும்.

தமிழ் வேதாகமம் பேதை, மூடன், மதியீனன், பரியாசக்காரன் என்ற சொற்களால் இந்த வேறுபாடுகளைத் தாங்கப் பார்க்கிறது. பேதை என்ற சொல் தமிழ் வாசகருக்குப் புதியதல்ல. திருக்குறளின் 84-ஆம் அதிகாரம் பேதைமை, அடுத்தது புல்லறிவாண்மை. செயலுக்கு முன் எண்ணிப் பார்க்கச் சொல்லும் தெரிந்துசெயல்வகையும், மூத்தோர் துணையை நாடச் சொல்லும் பெரியாரைத் துணைக்கோடலும் அதே நூலில் உண்டு. நீதிமொழிகளைத் தமிழில் படிக்கும் ஒருவருக்கு ஏற்கெனவே பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் தோன்றுவதற்கு இந்தச் சொல்வளம் ஒரு காரணம்.

இந்த வகைகளில் எதுவுமே மூளைக் குறைவைச் சொல்லவில்லை. தாவீதின் மகன் அம்னோன், தன் தகப்பனின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த தாமாரை அடைய நினைத்தபோது வழி சொல்லிக்கொடுத்தவன் யோனதாப். அவனைக் குறிக்க எபிரேய மூலத்தில் வருவது ஞானி என்று பொருள்படும் ‘ஹாகாம்’ என்ற அதே சொல்தான். தமிழ் வேதாகமம் அதைத் தந்திரவாதி என்று சரியாகவே பெயர்க்கிறது. கூர்மையான மூளை, துல்லியமான திட்டம், அதன் முடிவில் ஒரு பெண்ணின் வாழ்வு நாசம்.

சாலொமோன் ஆட்சிக்கு வந்த புதிதில் கிபியோனில் கண்ட கனவை இங்கே நினைக்க வேண்டும். கேட்டது கிடைக்கும் என்ற நிலையில் அவன் கேட்டது செல்வமோ நீண்ட ஆயுளோ அல்ல. எபிரேயத்தில் அது ‘லேவ் ஷோமேயா’, அதாவது கேட்கிற இதயம். ஞானத்துக்கு வேதாகமம் தரும் மிக நெருக்கமான வரையறை இதுதான். ஒரு காது, அதுவும் இதயத்துக்குள் இருக்கும் காது. தகப்பன் வரமாகக் கேட்டதை மகன் சீகேமில் தொலைத்தான்.

நீதிமொழிகள் நூலே அப்படிக் கேட்டுக் கேட்டுச் சேர்த்த நூல். அதன் 31 அதிகாரங்களில் எசேக்கியா ராஜாவின் ஆட்கள் பெயர்த்தெழுதிய தொகுப்பு உண்டு. லேமுவேல் என்ற ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்தி உண்டு. எகிப்திய அறிஞன் அமெனெமோப்பேயின் போதனைகள் அடங்கிய பாப்பிரஸ் சுருள் 1923-ல் பதிப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் எர்மன், நீதிமொழிகள் 22, 23-ஆம் அதிகாரங்களுக்கும் அதற்கும் உள்ள நெருக்கத்தைக் காட்டினார். செவிகொடு என்று மகனுக்குச் சொல்லும் நூல், அயலான் சொன்ன நல்ல வார்த்தைக்கும் செவிகொடுத்திருக்கிறது.

பசித்த வயிறும் பச்சைச் சமவெளியும்

மதிகேட்டின் மிக எளிய வடிவம் அவசரம். ஏசா வேட்டையிலிருந்து களைத்து வருகிறான். தம்பி யாக்கோபு சிவந்த பருப்புக் கூழ் காய்ச்சிக்கொண்டிருக்கிறான். ஒரு வேளைக் கூழுக்கு மூத்த மகனுக்குரிய உரிமை கைமாறுகிறது. ஆதியாகமம் அந்தக் காட்சியை வினைச்சொற்களாலேயே முடிக்கிறது: சாப்பிட்டான், குடித்தான், எழுந்தான், போனான். நடுவில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. பிற்பாடு அவன் கதறி அழுதபோது திரும்பப் பெற எதுவும் இருக்கவில்லை. யாக்கோபின் சந்ததிக்கும் ஏசாவின் சந்ததியான ஏதோமியருக்கும் இடையிலான பகை தீர்க்கதரிசிகளின் காலம்வரை தொடர்கிறது.

லோத்தின் கதையில் அவசரம் தெரியாது. ஒவ்வொரு அடியும் நிதானமாகவே வைக்கப்படுகிறது. தன் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் சண்டை வந்தபோது, எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று பெரியவர் ஆபிரகாம் விட்டுக்கொடுக்கிறார். லோத்து கண்ணை ஏறெடுத்துப் பார்க்கிறான், யோர்தான் சமவெளி நீர்வளத்தோடு பசுமையாகத் தெரிகிறது. முதலில் சோதோமுக்கு அருகே கூடாரம் போடுகிறான். அடுத்த அதிகாரத்தில் சோதோமுக்குள் குடியிருக்கிறான். பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஊர்ப் பெரியவர்கள் உட்காரும் பட்டண வாசலில் அவனும் உட்கார்ந்திருக்கிறான். வன்முறைக் கும்பல் அவன் வீட்டைச் சூழ்ந்த இரவில், விருந்தாளிகளைக் காக்கத் தன் பெண்பிள்ளைகளையே வெளியே தருவதாகப் பேரம் பேசுகிறான். புல்வெளியைப் பார்த்து எடுத்த முடிவு எந்த வாசலில் வந்து நிற்கிறது என்பதை மூன்றே கட்டங்களில் காட்டிவிடுகிறது ஆதியாகமம். அந்தப் பெண்பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாய் கொடுத்த வாக்கு

யெப்தாவின் பொருத்தனை வேதாகமத்தின் மிகக் கசப்பான பக்கங்களில் ஒன்று. அம்மோனியரை வென்று திரும்பினால், தன் வீட்டு வாசலிலிருந்து எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவதாக அவன் நேர்ந்துகொள்கிறான். வென்று திரும்புகிறான். தம்புரு வாசித்து ஆடிக்கொண்டு வாசலில் வந்தவள் அவனுடைய ஒரே மகள்.

தன்னை உடைத்துவிட்டதாக அவன் மகளிடமே புலம்புகிறான். அவள் கேட்டது இரண்டு மாத அவகாசம் மட்டும். மலைகளில் தோழிகளோடு அழுதுவிட்டு வருகிறாள். இதைப் படித்த யூத அறிஞர்கள் சும்மா விடவில்லை. நேர்ந்துகொண்ட ஆளுக்கு ஈடாகப் பணம் கட்டி மீட்கும் ஏற்பாடு லேவியராகமம் 27-ஆம் அதிகாரத்தில் இருக்கும்போது இது ஏன் நடக்க வேண்டும் என்று கேட்டார்கள். ஆசாரியன் பினெகாஸ், தேவைப்பட்டவன் என்னிடம் வரட்டும் என்றிருந்தான். தலைவன் யெப்தா, நான் ஏன் அவனிடம் போக வேண்டும் என்றிருந்தான். இருவர் கௌரவத்துக்கும் நடுவில் பெண் அழிந்தாள் என்று ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் விளக்கம் சொல்கிறது. அவள் கொல்லப்படவில்லை, மணமாகாமல் தனித்து வாழ்ந்தாள் என்று தாவீது கிம்கி போன்ற இடைக்கால உரையாசிரியர்கள் வாசித்தார்கள். எப்படி வாசித்தாலும், வாக்குக் கொடுத்த வாய் ஒன்று, வாழ்க்கையை இழந்தவள் வேறொருத்தி.

கிபியோனியரின் கதை இதைப் பல தலைமுறைகளுக்கு நீட்டுகிறது. யோசுவாவின் படைக்கு அஞ்சிய கிபியோனியர், தூரதேசத்திலிருந்து வருவதுபோல் வேஷம் போட்டார்கள். கிழிந்து தைத்த திராட்சரசத் துருத்திகள், ஒட்டுப்போட்ட செருப்புகள், பூசணம் பூத்த அப்பம். இஸ்ரவேலின் தலைவர்கள் அந்த அப்பத்தைக் கையில் வாங்கிச் சோதித்தார்கள். கடவுளை மட்டும் கேட்கவில்லை. உடன்படிக்கை செய்து ஆணையிட்டுக் கொடுத்த மூன்றாம் நாள், பக்கத்து ஊர்க்காரர்கள்தான் என்று தெரிந்தது. ஏமாற்றிப் பெற்ற ஆணையானாலும் ஆணை ஆணைதான் என்று அவர்களை உயிரோடு விட்டார்கள்.

தலைமுறைகள் கடந்தன. சவுல் ராஜா தன் மக்கள்மேல் கொண்ட வைராக்கியத்தில் அந்த ஆணையை மீறிக் கிபியோனியரை வெட்டினான். அதன் பலன் அவன் காலத்தில் வரவில்லை. தாவீதின் நாட்களில் மூன்று ஆண்டுப் பஞ்சமாக வந்தது. பழி தீர்க்கச் சவுலின் வம்சத்தில் ஏழு ஆண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் பிள்ளைகள்.

ரிஸ்பாள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிடவில்லை. இரட்டுப் புடவையைக் கன்மலையின்மேல் விரித்தாள். வாற்கோதுமை அறுப்புத் தொடங்கிய நாளிலிருந்து வானம் மழையை இறக்கும்வரை அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகளை விரட்டினாள், இரவில் காட்டு மிருகங்களை விரட்டினாள். முடிவு எடுத்த எந்தச் சபையிலும் அவளுக்கு இடம் இருந்ததில்லை. யோசுவா ஆணையிட்டபோது அவள் பிறக்கவில்லை, சவுல் அதை மீறியபோது அவளிடம் யாரும் கேட்கவில்லை. அந்தப் பாறையின் செய்தி தாவீதின் காதுக்கு எட்டியபோதுதான் ராஜா அசைந்தான். சவுல், அவன் மகன் யோனத்தான் ஆகியோரின் எலும்புகளையும் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து எடுத்து மரியாதையாக அடக்கம் செய்தான். அதன் பிறகே தேசத்துக்காகச் செய்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்று எழுதுகிறது சாமுவேலின் இரண்டாம் புத்தகம். பழிக்குப் பழி ஏழு உயிர் போனதை எழுதிய இடத்தில் அது அந்த வார்த்தையைப் போடவில்லை.

ஆலோசனை கேட்பதில் உள்ள ஆபத்து

ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் காரியம் உறுதிப்படும் என்ற கருத்தை நீதிமொழிகள் பலமுறை வலியுறுத்துகிறது. அதை எடுத்துக்கொண்டு, பெரும்பான்மை சொன்னால் சரி என்று முடிவுகட்டிவிடலாம். அப்படி விடாமல் தடுக்கும் கதைகளையும் வேதாகமமே வைத்திருக்கிறது.

ஆகாப் ராஜா கீலேயாத்திலுள்ள ராமோத்தின்மேல் படையெடுக்குமுன் 400 தீர்க்கதரிசிகளைக் கேட்டான். ஒருவர் பாக்கியில்லாமல் போகச் சொன்னார்கள். வேறு யாராவது உண்டா என்று கூட்டாளி யோசபாத் கேட்டபோது, மிகாயா என்று ஒருவன் இருக்கிறான், ஆனால் எனக்கு நல்லதே சொல்லமாட்டான், அதனால் அவனைப் பிடிக்காது என்றான் ஆகாப். வரவழைக்கப்பட்ட மிகாயா உள்ளதைச் சொன்னான், சிறைக்குப் போனான். ஆகாப் மாறுவேடத்தில் போருக்குப் போனான். எவனோ குறிவைக்காமல் எய்த அம்பு கவசத்தின் சந்தில் பாய்ந்தது.

புதிய ஏற்பாட்டில் இதற்கு இணையான காட்சி கடலில் நடக்கிறது. கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் ஏறியிருந்தது அலெக்சந்திரியாவின் கோதுமைக் கப்பல். கிரேத்தா தீவில் நல்ல துறைமுகம் என்ற இடத்தில் ஒதுங்கியபோது யூதரின் உபவாச நாள் கடந்துவிட்டது, அதாவது இலையுதிர்காலம். ரோம எழுத்தாளர் வெஜீட்டியஸ், செப்டம்பர் பாதிக்குப் பிறகு கப்பலோட்டுவது ஆபத்து, நவம்பர் 11-க்குப் பிறகு கடலே மூடப்பட்டது என்று குறிக்கிறார். போகவேண்டாம் என்றார் பவுல். மாலுமியும் கப்பல்காரனும் போகலாம் என்றார்கள். அந்தத் துறைமுகம் குளிர்காலம் தங்க வசதியில்லை என்பதால் பெரும்பான்மையும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. தீர்மானிக்கும் அதிகாரம் இருந்த நூற்றுக்கு அதிபதி யூலியு, துறை தெரிந்தவர்களை நம்பினான். அவர்கள் போய்த் தங்க நினைத்த பேனிக்ஸ் துறைமுகம் அதே தீவில், ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருந்தது.

தென்றல் மெதுவாக வீசத் தொடங்கியது. நினைத்தது கைகூடிற்று என்று நங்கூரம் தூக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் யூரோக்கிலிதோன் என்ற கடுங்காற்று மோதியது. கப்பல் உடையாமலிருக்க அடியில் கயிறு கொடுத்துச் சுற்றிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் கப்பலின் தளவாடங்களைத் தங்கள் கைகளாலேயே கடலில் எறிந்தார்கள். அநேக நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பதினான்காம் இரவில்தான் கரை நெருங்குவதாக மாலுமிகளுக்குத் தோன்றியது. கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். சரக்கின் லாபம் கப்பல்காரனுக்கு. புயலில் உயிர் ஊசலாடியதோ எல்லோருக்கும், விலங்கிட்ட கைதிகள் உட்பட. கப்பல் மெலித்தா தீவில் தரைதட்டி உடைந்தது, 276 பேரும் பிழைத்தார்கள். பிழைக்க வைத்தது, இரண்டாம் முறை பவுலின் வார்த்தைக்கு அதே யூலியு செவிகொடுத்தது. மாலுமிகள் படகில் தப்ப முயன்றபோது பவுல் எச்சரிக்க, படகின் கயிற்றை வீரர்கள் உடனே அறுத்துவிட்டார்கள்.

மீண்டும் ரெகொபெயாமுக்கு வந்தால், அவன் தோழர்களை எபிரேய மூலம் ‘யெலாதிம்’ என்கிறது. சின்னப் பையன்கள் என்று பொருள். ரெகொபெயாம் ராஜாவானபோது வயது 41 என்று ராஜாக்களின் முதலாம் புத்தகம் சொல்வதால், அவனோடு வளர்ந்தவர்களும் நாற்பதைத் தொட்டவர்களே. வயதை ஒட்டி அந்தச் சொல் விழவில்லை. அவர்களில் யாரும் லீபனோனில் ஒரு மரத்தைத் தூக்கியதாகத் தெரியவில்லை. முதியோர் சொன்ன வழி ஜனங்கள் பக்கம் நின்று யோசித்தது, தோழர்கள் சொன்ன வழி ராஜாவின் கௌரவத்தின் பக்கம் நின்று யோசித்தது. ஆலோசனைக்காரரை எண்ணிப் பார்த்தால் கிடைக்காத வித்தியாசம் இது.

மன்னிப்புக்குப் பிறகும்

தாவீதின் கதை இந்த ஆய்வின் கடினமான பகுதி. யுத்தத்துக்குப் போகும் பருவத்தில் ராஜா அரண்மனையில் தங்குகிறான். பத்சேபாளை அழைப்பிக்கிறான். மறைப்பதற்காக அவள் கணவன் உரியாவைப் போரின் முன்வரிசையில் நிறுத்திக் கைவிடும்படி தளபதி யோவாபுக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதத்தைச் சுமந்துபோனவன் உரியாவேதான்.

நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையைச் சொன்னபோது தாவீது கொதித்தான், தன்னையே அதில் கண்டான், தான் பாவம் செய்ததை ஒப்புக்கொண்டான். மன்னிப்பும் உடனே அறிவிக்கப்பட்டது. ஆனால் பட்டயம் அவன் வீட்டை விட்டு விலகாது என்பதும் அதே மூச்சில் சொல்லப்பட்டது. பத்சேபாள் பெற்ற குழந்தை இறந்தது. அம்னோன் தாமாரைக் கெடுத்தான். தாவீது கடுங்கோபம் கொண்டான், ஒன்றும் செய்யவில்லை. இரண்டு ஆண்டு வாயைத் திறக்காமல் காத்திருந்த, தாமாரின் உடன்பிறந்த சகோதரன் அப்சலோம் அம்னோனைக் கொன்றான், பிறகு தகப்பனுக்கு எதிராகவே எழும்பினான். உரியாவின் மனைவியைப் பறித்தவனுக்கு மகனைக் கண்டிக்க நா எழவில்லை என்று பலர் இந்த மௌனத்தை வாசித்திருக்கிறார்கள்.

மன்னிப்பு கடவுளோடுள்ள உறவைச் சீராக்குகிறது. போன உரியா திரும்பவில்லை, தாமாரின் வாழ்வு திரும்பவில்லை. சபைகளில் இதைத் தெளிவாகச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கிறது. மனம் திரும்பிவிட்டேன், இனி யாரும் பேசக்கூடாது என்று ஒருவர் சொல்லும்போது, அவரால் பாதிக்கப்பட்டவரின் கணக்கு இன்னும் திறந்தே இருக்கலாம். தாமார் தன் சகோதரன் வீட்டில் பாழ்பட்டுத் தங்கினாள் என்று ஒரு வரியில் முடியும் செய்தியை வேதாகமம் விடாமல் பதிந்துவைத்திருப்பது அதற்காகத்தான்.

ஜாமீன் கையெழுத்து

நீதிமொழிகளின் அறிவுரைகளில் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக நெருக்கமானது பிணை பற்றியது. 6, 11, 17, 22-ஆம் அதிகாரங்களில் நான்கு முறையாவது வருகிறது. நண்பனுக்காகக் கைகொடுத்துவிட்டாயா, தூக்கத்தைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு, வேடன் கையில் சிக்கிய மான் தப்ப முயல்வதுபோல் உன்னை விடுவித்துக்கொள் என்ற தொனியில் பேசுகிறது ஆறாம் அதிகாரம். இருபத்திரண்டாம் அதிகாரம் இன்னும் நேரடியாகப் போய், கடன் கட்ட வழியில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்கிறது.

மச்சான் கேட்டார், சும்மா ஒரு கையெழுத்துதானே என்று போட்டுவிட்டு வீட்டுப் பத்திரத்தை இழந்த குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவில், வேறுவிதமாக ஒப்பந்தத்தில் சொல்லப்படாதவரை ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒரே அளவு என்கிறது. முதலில் கடனாளியிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கையெழுத்துப் போட்டவர் ஆண், அந்தப் படுக்கையில் படுப்பவர்கள் மனைவியும் பிள்ளைகளும். கையெழுத்துக்கு முந்தைய இரவில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பல வீடுகள் தப்பியிருக்கும்.

ஆனாலும் பிணை நிற்பதே பாவம் என்று வேதாகமம் சொல்லிவிடவில்லை. பஞ்சத்தில் எகிப்துக்கு மறுபடி போய்த் தானியம் வாங்க, இளையவன் பென்யமீனைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. தகப்பன் யாக்கோபு விடமாட்டேன் என்கிறார். மூத்தவன் ரூபன் உடனே ஒரு பிணை தருகிறான்: அவனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளைக் கொன்றுபோடலாம். தாத்தாவிடம் பேரப்பிள்ளைகளைக் கொல்லச் சொல்லும் இந்த மதிகெட்ட வாக்கை யாக்கோபு காதிலேயே வாங்கவில்லை. தானியம் தீர்ந்த பிறகு யூதா பேசுகிறான். நானே பிணை, அவனை என் கையில் கேளும் என்கிறான். எகிப்தில் நெருக்கடி வந்தபோது அவன் சொன்னபடியே நின்றான், பென்யமீனுக்குப் பதில் தன்னை அடிமையாக வைத்துக்கொள்ளக் கேட்டான். அங்கே அதிகாரியாக இருந்த அவர்கள் சகோதரன் யோசேப்பு உடைந்து அழுது தன்னை வெளிப்படுத்தியது அந்தப் பேச்சைக் கேட்டுத்தான். ரூபன் பிறருடைய உயிரை அடகு வைத்தான், யூதா தன்னையே வைத்தான்.

எல்லாத் துன்பமும் விளைவல்ல

முடிவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு அழுத்திச் சொல்லும் நூல், அந்தத் தொடர்பைத் தவறாகப் பயன்படுத்துவதையும் கண்டிக்கிறது. யோபுவின் நண்பர்கள் செய்தது அதுதான். சாம்பலில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, நீ ஏதோ செய்திருக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக வாதாடினார்கள். கடைசியில் கடவுளின் கோபம் யோபுமேல் வரவில்லை, நண்பர்கள்மேல் வந்தது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறிப்பிட்ட இயேசு, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்று எண்ணவேண்டாம் என்றார். பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோதும் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. ஆகவே நோயாளியின் படுக்கையருகிலும் நஷ்டப்பட்டவரின் திண்ணையிலும் உட்கார்ந்து நீதிமொழிகளைப் பிரயோகிப்பது வேதாகமம் ஏற்காத வேலை.

நீதிமொழிகளே தன்னை விதிப்புத்தகமாக வாசிக்க விடுவதில்லை. 26-ஆம் அதிகாரத்தில் மூடனுக்கு அவன் மதிகேட்டின்படி பதில் சொல்லாதே என்று ஒரு வசனம். அடுத்த வசனமே சொல் என்கிறது. எது எப்போது என்பதைக் கண்டுகொள்ளும் பொறுப்பு வாசிப்பவரிடம் விடப்படுகிறது.

கழுதையை விட்டு இறங்கியவள்

தடுக்கப்பட்ட மதிகேட்டுக்கு வேதாகமத்தில் உள்ள சிறந்த உதாரணம் அபிகாயில். கர்மேலில் 3,000 ஆடுகளும் 1,000 வெள்ளாடுகளும் உள்ள நாபால் மயிர்கத்தரிப்பு விருந்து நடத்துகிறான். அவன் மேய்ப்பர்களுக்கு வனாந்தரத்தில் காவலாக இருந்த தாவீது, பத்து ஆட்களை அனுப்பிக் கொஞ்சம் உணவு கேட்கிறான். எஜமானை விட்டு ஓடும் வேலைக்காரர்கள் இந்நாளில் அதிகம் என்று இழிவாகப் பேசி நாபால் அனுப்பிவிடுகிறான். தாவீது 400 பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்படுகிறான். விடிவதற்குள் அந்த வீட்டில் ஓர் ஆண்பிள்ளையையும் விடுவதில்லை என்று ஆணை.

செய்தியை நாபாலின் மனைவி அபிகாயிலிடம் கொண்டுவந்தது ஒரு வேலைக்காரன். எஜமான் யார் பேச்சையும் கேட்கிற ஆளில்லை என்கிறான். அதை அவள் கேட்டாள். 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த பயறு ஐந்து படி, 100 திராட்சவற்றல் அடை, 200 அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டு, மலை மறைவில் இறங்கிப் போனாள். தாவீதைக் கண்டதும் கழுதையை விட்டு இறங்கினாள். அவள் கெஞ்சியது கணவனுக்காக என்பதைவிட, தாவீதின் எதிர்காலத்துக்காக. ஒரு நாள் நீர் ராஜாவாகும்போது, காரணமில்லாமல் சிந்திய இரத்தம் உம் மனதை உறுத்தக் கூடாது என்றாள். தாவீது அவள் யோசனையைப் புகழ்ந்தான், திரும்பிப் போனான். கோபத்தின் உச்சியில், 400 பட்டயங்களுக்கு நடுவில், ராஜாவாகப் போகிறவன் ஒரு பெண்ணின் வார்த்தைக்கு நின்றான். பத்சேபாள் விஷயத்தில் இப்படி வழிமறிக்க ஒருவர் இல்லை, அல்லது இருந்தும் அரண்மனைக்குள் வர முடியவில்லை.

வெண்கலக் கேடயங்கள்

ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்தின் ராஜா சீஷாக் படையெடுத்து வந்தான். கர்னாக் கோயில் சுவரில் தன் படையெடுப்பைச் செதுக்கிவைத்த முதலாம் ஷெஷோங்க் இவனே என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சாலொமோன் செய்துவைத்த பொன் கேடயங்களை அவன் வாரிக்கொண்டு போனான். 200 பெரியவை, ஒவ்வொன்றுக்கும் 600 சேக்கல் பொன், 300 சிறியவை. அவற்றுக்குப் பதிலாக ரெகொபெயாம் வெண்கலக் கேடயங்களைச் செய்வித்தான். ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அவற்றைப் பிடித்துக்கொண்டு போவார்கள், திரும்பியதும் அறையில் பூட்டிவைப்பார்கள். 17 ஆண்டு ஆட்சியில் அந்த ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது.

வடக்கே பிரிந்த ராஜ்யம் கி.மு. 722-ல் அசீரியரிடம் வீழ்ந்தது. 27,000-க்கும் மேற்பட்டோரைச் சிறைபிடித்ததாக அசீரிய மன்னன் சர்கோனின் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்த நிலத்தில் பிற ஜாதியார் குடியேற்றப்பட்டதாக ராஜாக்களின் இரண்டாம் புத்தகம் கூறுகிறது. எப்பிராயீம், மனாசே கோத்திரங்களின் நேர் வாரிசுகள் என்று சமாரியர் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். இன்றும் ஆயிரத்துக்கும் குறைவான சமாரியர் கெரிசீம் மலையிலும் ஹோலோன் நகரிலும் வாழ்கிறார்கள். கெரிசீமின் அடிவாரத்தில்தான் பழைய சீகேம் இருந்தது. இன்றைய நாப்லூஸ்.

அங்கே யாக்கோபின் கிணறு இருக்கிறது. ரெகொபெயாம் ரதமேறி ஓடிய ஊரின் அருகிலேயே, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஒரு மத்தியான வேளையில் பயணக் களைப்போடு இயேசு அந்தக் கிணற்றருகே உட்கார்ந்தார். தண்ணீர் மொள்ள வந்த சமாரியப் பெண்ணிடம் குடிக்கக் கேட்டார். யூதர் சமாரியரோடு புழங்குவதில்லையே, என்னிடம் எப்படிக் கேட்கிறீர் என்றாள் அவள். அவர் அவளோடு நெடுநேரம் பேசினார், அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். அவள் குடத்தை வைத்துவிட்டு ஊருக்குள் ஓடினாள். ஊரார் திரண்டு வந்து தங்களிடத்தில் தங்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் இரண்டு நாள் அங்கே தங்கினார் என்று எழுதுகிறார் யோவான்.